கல்லில் நான்காவது பெயர்

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் எடுத்தேன். 2006 மார்கழியில் டுசல்டோர்ஃபில் ஒரு கல்யாணம். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பேர்பெச்சுவா அக்கா, தன் சிநேகிதி றீற்றாவுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்லச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்ததில் கையிலிருந்த தட்டு ஆடியது. நான் வெட்கத்தை விட்டு, "அக்கா, இதை எழுதட்டோ?" என்று கேட்டேன்.

"எழுதும். ஆனா என்னைக் கொஞ்சம் மெலிவா எழுதும்."

பேர்பெச்சுவா மிக மெலிந்தவர். (வாக்கைக் காப்பாற்றியாயிற்று.)

2

முதல் தொடக்கம்: "சாம்பல் நிற வானத்தின் கீழே, போரின் வடுக்களைச் சுமந்த அந்த முதியவர்—"

இல்லை. அன்று நல்ல வெயில். முதியவர் சுமந்திருந்தது ஜாம் பூசிய பாண் துண்டு ஒன்றை மட்டுமே.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பேர்பெச்சுவா அக்கா, டுசல்டோர்ஃபின் கிழக்குப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். புரட்டாதி மாதம், ஒரு காலை. தொண்ணூற்றிரண்டு வயது பௌல் டீட்ஸுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். டீட்ஸ் பூதக்கண்ணாடியை வைத்து உள்ளூர் இலவசப் பத்திரிகையை மேய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். சிரித்த சிரிப்பில் பொய்ப்பற்கள் கழன்று கோப்பிக்குள் விழுந்தன.

பத்திரிகையில் ஒரு கறுப்புக் கல்லின் படம். எழுபது வருடங்களுக்கு முன், ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அந்தப் பகுதியிலிருந்து ஆறு இளைஞர்கள் குடியரசின் பக்கம் நின்று சண்டைபிடிக்கத் தொண்டர்களாகப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. வரும் ஞாயிறு அவர்களுக்கு நினைவுக்கல் திறக்கிறார்கள். கல்லில் நான்காவது பெயர்: பௌல் டீட்ஸ், 1914–1938.

"பிள்ளை, நான் செத்துப்போனன்," என்றார் டீட்ஸ், கோப்பிக்குள் பல்லைத் தேடியபடி. "அறுபத்தெட்டு வருசமாச்சு. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."*

* அவர் ஜெர்மன் மொழியில்தான் சொன்னார். ஆனால் அக்காவின் வாயில் அவர் சுத்த யாழ்ப்பாணத்தார். திருத்த எனக்கு மனமில்லை.

3

அக்கா நம்பவில்லை. நானும் நம்பவில்லை, இந்த இடத்தில் கதையை இரண்டு நாள் கிடப்பில் போட்டேன். டீட்ஸ் சொன்னது இது. ஆற்றங்கரைச் சண்டையில் காயம் பட்டது. செத்துவிட்டானென்று கூட்டாளிகள் விட்டுப் போனார்கள். குடியானவர்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு பிரான்ஸ், மார்செயில், ஒரு பேக்கரி, ஒரு மனைவி. மனைவி இறந்ததும் மூன்று வருடங்களுக்கு முன் பிறந்த ஊருக்கே வந்துவிட்டார். "பிரெஞ்சுப் பாண் அலுத்துப் போச்சு" என்பது அவர் சொன்ன காரணம்.

"அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாமே?" என்றார் அக்கா.

"எப்பிடிப் போடுறது? நாஜிக்காரர் கடிதத்தை உடைப்பாங்கள். மகன் செத்தவன் எண்டால் அம்மாவை விட்டுடுவாங்கள். உயிரோட இருக்கிறான் எண்டால்?" டீட்ஸ் பல்லை மாட்டிக்கொண்டார். "உலக யுத்தம் முடியப் போட்டனான். திரும்பி வந்துட்டுது. வீட்டில குண்டு விழுந்து இரண்டு வருசமாம்."

அக்கா கோப்பையை மாற்றிக் கொடுத்தார்.

(அக்காவுக்கு யூட் என்று ஒரு தம்பி இருந்தான். பதினெட்டு வயதில் தானாகப் போய் இயக்கத்தில் சேர்ந்தவன். 1996இல் அவன் செத்துவிட்டதாக ஆள்மூலம் சொல்லி அனுப்பினார்கள். உடல் வரவில்லை. இதை அக்கா சிரிக்காமல் சொன்னார். ஆகையால் அடைப்புக்குள் வைக்கிறேன்.)

4

கல் திறப்புக்குப் போக வேண்டுமென்றார் டீட்ஸ். ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிப்போக ஆளில்லை, முன்கூட்டியே நேரம் குறித்து டெர்மின் எடுத்திருக்க வேண்டும் என்றார் இல்லத்துப் பொறுப்பாளர்.

"என்ர லீவு நாளில நான் ஆரைத் தள்ளிக்கொண்டு போனால் உங்களுக்கென்ன?" என்று அக்கா கேட்டாராம். (பணிவான ஜெர்மனில்தான் கேட்டேன் என்கிறார். எனக்குச் சந்தேகம்.)

சக்கர நாற்காலியோடு டிராமில் போனார்கள். டீட்ஸ் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். இறங்கியதும், "செத்தவீட்டுக்கு வெறுங்கையோட போறதே?" என்று அக்கா பூக்கடையில் நிறுத்தினார். அட்டையில் என்ன எழுத என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

"அன்புள்ள எனக்கு, நான்," என்றார் டீட்ஸ்.

அக்கா நாற்காலிப் பிடியில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கடைக்காரப் பெண் அவர் அழுகிறாரென்று நினைத்துப் பூவுக்குக் காசு வாங்கவில்லை.

5

சதுக்கத்தில் நூறு பேர் இருக்கும். விழாக் குழுத் தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை லென்ஸ், பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பறை ஒரு முறை முழங்கியது. மூன்று பெயர்கள் முடிந்தன.

"பௌல் டீட்ஸ்."

"இஞ்சை!" என்று கை உயர்ந்தது.

பறையடிப்பவன் கோலை ஓங்கியபடியே நின்றுவிட்டான். ஆசிரியை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து இன்னொருமுறை வாசித்தார்.

"இஞ்சைதான் இருக்கிறன், டீச்சர்!"

பிறகு யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், சதுக்கம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஆசிரியை ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார், மீண்டும் சிரித்தார். உயிரோடு ஒரு வீரர் கிடைத்துவிட்டார், அவரையே பேசவைப்போம் என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

(டீட்ஸ் இங்கே ஓர் அருமையான உரை நிகழ்த்துவதாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவர் பேசியது இவ்வளவுதான்.)

"என்ர பேரை எடுத்துவிடுங்கோ. மற்ற அஞ்சு பேரும் உண்மையாச் செத்தவங்கள். நான் அறுபத்தெட்டு வருசம் இருந்து சாப்பிட்டனான். அவங்களுக்கு நடுவில படுக்க எனக்கு ஏலாது."

கொண்டுபோன பூக்களை ஐந்தாகப் பிரித்து வைக்கச் சொன்னார். அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

6

ஐப்பசியில் கல்தச்சர் வந்து நான்காவது வரியைத் தேய்த்தெடுத்தார். அந்த இடம் சற்றுக் குழிந்து பளபளவென்று இருக்கிறதாம். அக்கா மீண்டும் அவரைத் தள்ளிக்கொண்டு போனார். டீட்ஸ் அந்தக் குழியில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கார்த்திகை வந்தது. மரித்தோர் மாதத்துத் தமிழ்ப் பூசையில், சுவாமியார் வாசிப்பதற்காக இறந்தவர்களின் பெயர்களை எழுத ஒரு தாள் வைப்பார்கள். பத்து வருடங்களாக அக்கா யூட்டின் பெயரைத்தான் முதலில் எழுதி வந்தார். இந்த முறை பேனாவை எடுத்தவர், எழுதாமல் நின்றார்.

முடிவு அ: எழுதினார். முடிவு ஆ: எழுதவில்லை, வீட்டுக்கு வந்து வன்னியில் தெரிந்த ஆட்களுக்கெல்லாம் போன் எடுத்தார். முடிவு இ: பெயரை எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். (இதைச் சுவாமியார் எப்படி வாசிப்பார் என்று யோசித்து நானும் சிரித்துவிட்டேன்.)

என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அதனால்தான்.

ஆகவே தாளை உங்களிடம் தருகிறேன். பேனா நன்றாக எழுதுகிறது, கீறிப் பார்த்துவிட்டேன். பெயர் எழுத வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்கும் பரராசசிங்கம் அண்ணை பொறுமையில்லாமல் இருமுகிறார். இருமட்டும். நீங்கள் ஆறுதலாக யோசியுங்கோ.