பூட்டிய வீடுகள் பட்டியல்

எங்கள் வார்டு மன்ற அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை எனக்கு ஒரே வேலைதான். வெளியூர் போகிறவர்கள் வந்து சொல்லும் முகவரிகளை ஒரு தாளில் எழுதிக் காவல் நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். பகல் ரோந்துக்கு வரும் பெண் காவலர் அந்த வீடுகளுக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மன்றமும் போலீசும் சேர்ந்து செய்வதில் சண்டை வராத ஒரே காரியம் இதுதான் என்பார் எங்கள் மன்ற உறுப்பினர் அக்கா. அவருக்குத் தொழில் தையல். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் கூட்டத்துக்கு வந்ததில்லை.

பஸ் டிரைவர் அண்ணன் ஏழு வாரமாகத் தன் வீட்டைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருந்தார். காரணம் என்ற கட்டத்தில் 'வேலை' என்று எழுதச் சொன்னார். வேலைக்குப் போகிற எல்லாரும்தான் வீட்டைப் பூட்டுகிறார்கள். கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. எழுதிவிட்டேன்.

எட்டாவது வாரம் ஒரு மதியம், காவலர் தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.

“அக்கா, பூட்டு பேசுது.”

“வெயில்ல சுத்தாதேன்னா கேக்கறியா?” ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார் அக்கா.

“நெஜமாக்கா. தினம் காலையில போவேன், சத்தமே இருக்காது. இன்னைக்கு லேட்டாயிடுச்சு. பூட்டை இழுத்தா ஒரு அம்மா ஜன்னலுக்கு வந்து, ‘சாவி அவர்கிட்ட இருக்கு, அவர் பஸ்ல இருக்காரு, கை காட்டினா நிறுத்துவாரு, வாங்கிட்டு வா’ங்கறாங்க.” குரல் இறங்கியது. “மனுஷியை உள்ள வெச்சுப் பூட்டறது குத்தம். நான் எழுதியாகணும்.”

நான் பழைய பட்டியல்களை எடுத்துப் புரட்டினேன். எட்டுத் தாளிலும் அந்த முகவரி என் கையெழுத்தில் இருந்தது.

அக்கா போன் செய்தார். டிரைவர் அண்ணன் அடுத்த நடையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தார். நாங்கள் மூவரும் வாசலில் நிற்க, அவர் பூட்டைத் திறந்தார்.

“ஏன் வாசல்லயே நிக்கறீங்க? உள்ள வாங்க,” என்றார் அவர் மனைவி, எங்களைத்தான் எதிர்பார்த்திருந்தவர் போல. சோறும் தண்ணீரும் மூடி வைக்கப்பட்டிருந்தன. அடுப்பின் திருகுகள் கழற்றப்பட்டிருந்தன. சுவரில் அண்ணனின் போன் எண் பெரிதாக எழுதியிருந்தது.

“ஞாபகம் நிக்கறதில்லம்மா இவளுக்கு. என் பஸ்ஸைத் தேடி ரெண்டு வாட்டி கிளம்பிட்டா. ரெண்டாவது வாட்டி செருப்பில்லாம கடைசி ஸ்டாப்புல உக்காந்திருந்தா.” அண்ணன் காவலரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “பூட்டினேன். பூட்டிட்டுப் போனா, தீகீ பிடிச்சா என்ன பண்றதுன்னு பயம். அதான் பட்டியல்ல போட்டேன். தினம் ஒரு ஆளாவது வந்து கதவைப் பாப்பீங்கல்ல? இப்ப அவளைக் கொண்டுபோய் எங்கயாவது ஹோம்ல விட்டுடுவாங்களா?”

காவலர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

“எழுது,” என்றார் அக்கா. “மன்றம் பொறுப்பு ஏத்துக்கிச்சுன்னு கடைசி வரியையும் எழுது. நான் கையெழுத்துப் போடறேன்.”

“நாளைக்கே இவங்க காணாமப் போனா?”

“நீயும் நானும் தேடுவோம். தெருக் கடைக்காரங்ககிட்ட எல்லாம் இன்னைக்கே சொல்லிடறேன், அவங்களும் தேடுவாங்க. எட்டு வாரமா ஒரு பூட்டைக் காவல் காத்தியே, அதுக்கு இது எவ்வளவோ மேல்.”

“சரி, பகல் பூரா எங்க உக்கார வெப்பீங்க?”

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. “அண்ணன் பஸ் நம்ம ஆபீஸ் வழியாத்தான் போகுது. பத்து இருபதுக்கு ஒண்ணு, பன்னெண்டரைக்கு ஒண்ணு, ரெண்டே காலுக்கு ஒண்ணு. என் ஜன்னலோரம் உக்காந்தா தெரியும்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “அடி கள்ளி, இவ்வளவு பேசுவியா நீ?”

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அண்ணன் தன் மனைவியைக் கொண்டுவந்து விட்டார். ஜன்னலோரம் நாற்காலி போட்டேன். அக்கா ஒரு டப்பா நிறையச் சட்டைப் பொத்தான்களைக் கொட்டி, நிறம் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். பத்து இருபதுக்கு பஸ் வந்தது. அண்ணன் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அந்த அம்மா எழுந்து நின்று பஸ் மறையும் வரை பார்த்தார். எழுந்து போய்விடுவாரோ என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்து வெள்ளைப் பொத்தான் ஒன்றை எடுத்தார்.

“இந்த ஆளுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்? இங்க யாருக்கும் காது செவிடா?”

திங்கட்கிழமை, வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னார் அண்ணன். காவலர் விடவில்லை. “நான் பாத்துக்கறேண்ணே, இருக்கட்டும். முகவரியை மட்டும் மாத்திக்கோம்மா,” என்றார் என்னிடம்.

நான் மன்ற அலுவலக முகவரியை எழுதினேன். காரணக் கட்டத்தில், ‘ஜன்னலோரம் இருக்கிறார்’ என்று எழுதினேன். தினமும் காவலர் வந்து, பொத்தான் எவ்வளவு ஆயிற்று என்று அந்த அம்மாவிடம் விசாரித்துவிட்டு, அதன் எதிரில் கையெழுத்துப் போடுகிறார்.