நேராக்கிய துடிப்பு

மிருதங்கக்காரரின் மனைவி வயிற்றில் இருந்த குழந்தையின் இதயம், பின்னறை லேப்டாப்பில் பாட்டு ஓடினால் துடித்தது, பாட்டை நிறுத்தினால் நின்றது. எங்கள் தெருவில் இதை முதலில் கண்டுபிடித்தவள் மாடிவீட்டு நர்ஸ். குழந்தையின் துடிப்பைக் கேட்கும் சின்னக் கருவியை அந்த வீட்டுக்கு இரவல் கொடுத்த பாவமும் அவளுடையதுதான்.

இரவல் கேட்டவன் மனைவியின் தம்பி. எந்நேரமும் கழுத்தில் ஏதாவது தொங்கியதால் அவன் பெயரே ஒயர் ஆகிவிட்டது. அக்கா புருஷனின் மிருதங்கத்தோடு கம்ப்யூட்டர் இசையைக் கலந்து ஒரு பாட்டு செய்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். அடியில் ஓட ஒரு துடிப்பு வேண்டும், மெஷினில் இருப்பதெல்லாம் தகர டப்பா சத்தம் என்று, அக்காவின் வயிற்றில் கருவியை வைத்துப் பதிவு செய்தான். அதுவரை தப்பில்லை. ஆனால் அந்தத் துடிப்பு கொஞ்சம் முந்தியது, கொஞ்சம் பிந்தியது. இவன் ஒவ்வொன்றையும் திரையில் இருந்த கோடுகளின் மேல் இழுத்து வைத்து நேராக்கினான். மிருதங்கக்காரரின் கை தாளத் திருப்பத்துக்கு முன் ஒரு மயிரிழை தயங்கும். அதையும் விடவில்லை. "மாமா, நீங்க லேட்டு," என்பான். "மெஷின்தான் அவசரப்படுது மாப்ள," என்பார் அவர்.

அன்று மதியம் பாட்டை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உள்ள யாருமே இல்லாத மாதிரி இருக்குடா," என்றாள். நர்ஸ் ஓடிவந்து கருவியை வைத்தாள். சத்தமே இல்லை. ஒயருக்கு என்ன தோன்றியதோ, எச்சில் கையோடு போய்ப் பாட்டைப் போட்டான். துடிப்பு வந்தது, கோடு போட்டது போல. கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, "சார்ஜ் மட்டும் தீராம பாத்துக்கங்க," என்றார்.

அதன்பிறகு அந்த வீட்டில் பயம் குடியேறியது. குழந்தையின் அப்பாவும் தாய்மாமனும் முறை போட்டு விழித்திருந்தார்கள். துடைப்பம் கம்ப்யூட்டர் மேஜைப் பக்கம் போனால் அக்கா அலறினாள். பாட்டை வேறு மெஷினில் போட்டுப் பார்த்தான் ஒயர். குழந்தை அதைச் சட்டை செய்யவில்லை.

மாதம் நிறைந்திருந்தபோது ஒரு பகலில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. பழைய பேட்டரி, எவ்வளவு தாங்கும்? ஒயர் வீடுவீடாக இன்வெர்ட்டர் கேட்டு ஓடினான், நாங்களும் ஓடினோம். அதற்குள் திரை கறுத்துவிட்டது.

மிருதங்கக்காரர் மிருதங்கத்தை மடியில் இழுத்துப் போட்டு வாசித்தார். மெஷின் மாதிரியே, கோட்டை விட்டு விலகாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. நர்ஸ் தலையை ஆட்டினாள், வரவில்லை. அவருக்கு உயிரே போய்விட்டது. கை தன் பழைய பழக்கத்துக்குத் திரும்பி, வழக்கமான இடத்தில் தயங்கியது. "வருது! விடாதீங்கண்ணே!" என்று நர்ஸ் கத்தினாள்.

கரண்ட் வந்ததும் ஒயர் பாட்டைப் போட்டான். குழந்தை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, அப்பா கையைப் பிடித்துக்கொண்டது. பயத்திலேயே அக்காவுக்கு வலி கண்டது. அவர் ஆம்புலன்சில் வாசித்தார், லிப்டில் வாசித்தார், பிரசவ அறை வாசலில் விரல் வெடித்து ரத்தம் வர வாசித்தார். உள்ளே பெண் குழந்தை அழுதது. தொப்புள்கொடியை அறுத்தாயிற்று என்றார்கள். அப்போதும் நிறுத்த அவருக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் கை தானாகச் சோர்ந்து விழுந்தது. மிருதங்கம் நிற்கவில்லை.

இன்றும் அது அந்த வீட்டு அலமாரி மேல் யாரும் தொடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. பெண் தூங்கினால் மெதுவாக, ஓடினால் வேகமாக. அவளுக்குப் பரீட்சை என்றால் தெருவில் யாருக்கும் மத்தியானத் தூக்கம் கிடையாது. ஒயர் இப்போது ஏசி மெக்கானிக், பாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. போன மாதம் அவள் முதல்முறையாகத் தனியாக ரயிலேறி வெளியூர் போனாள். அம்மா சமைத்துக்கொண்டிருந்தபோது மிருதங்கம் ஒரு அடி விட்டுப்போனது. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். வாசலில் பேசிக்கொண்டிருந்த நாங்களும் காதைத் தீட்டிக்கொண்டோம். அடுத்த அடி விழுந்தது, அதற்கடுத்ததும் விழுந்தது. அன்று அந்த வீட்டுச் சாப்பாட்டில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. எல்லோரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.