சுயம்புலிங்கத்தின் வலது கால்

பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் சுயம்புலிங்கத்துக்கு வலது கால் முட்டுக்குக் கீழே மரத்துப்போனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நரம்பில் குறை எதுவும் தெரியவில்லை. கொட்டாரத்துக்கும் சுசீந்திரத்துக்கும் இடையே பத்தொன்பது வருடம் மினி பஸ் ஓட்டியவர், இப்போது வீட்டில் கட்டிலோடு கிடந்தார்.

போன ஆனி மாதம் ஒரு மத்தியானம் டீசல் போடக் காலி வண்டியோடு போனபோது, வயலோரத்து வளைவில் பூங்கனி என்பவளின் ஸ்கூட்டர் சறுக்கி பஸ்ஸின் பின்சக்கரத்துக்குள் விழுந்தது. முந்திரி ஆலையில் வேலை பார்த்தவள்; பிழைக்கவில்லை. விசாரணையில் இவர் மேல் தவறில்லை என்று முடிந்தது. அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனதாக அவர் சொன்னார். மனைவி செல்லத்தாய் அதைச் சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு உறக்கம் போனது. சட்டை தொளதொளவென்று ஆகிற அளவுக்கு இளைத்தார். மாத்திரை போட்டும் சர்க்கரை முந்நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கவில்லை. சர்க்கரை டாக்டர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னபோது செல்லத்தாய்க்குக் கோபம் வந்தது. தன் வீட்டுக்காரருக்குக் கிறுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு மாதம் கழித்து, வேறு வழியில்லாமல் அவளேதான் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் சிந்தியா காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இத்தனை நாளில் எந்த மருத்துவரும் அதைக் கேட்டதில்லை. சுயம்புலிங்கம் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ தண்ணி கேட்டா டாக்டரம்மா. பாட்டில் எங்கையிலதான் இருந்துது. வயல்ல வேல செஞ்சவங்க ஓடி வாறதக் கண்டேன். அடிச்சுக் கொன்னுருவாவண்ணு பயந்து நான் ஓடிட்டேன்."

ஸ்டேஷனுக்குள் நுழைந்த பிறகுதான் பாட்டில் கையில் இருப்பதைப் பார்த்தாராம்.

செல்லத்தாய் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். மனம் தாங்காததை உடம்பு சுமக்கிறது, கால் மரத்துப்போவது நடிப்பல்ல என்று டாக்டர் அவளிடம் விளக்கினார். அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சோறு வைக்கும்போது, ஓடாமல் நின்றிருந்தால் உங்களையும் சேர்த்தல்லவா அடக்கம் செய்திருக்கணும் என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பூங்கனியின் வீட்டில் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அவசரப்பட வேண்டாம், அது அவர்களை என்ன செய்யும் என்பதையும் யோசிக்க வேண்டும் என்றார் டாக்டர். சுயம்புலிங்கம் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்ட நேரம் பார்த்துப் போனார். செல்லத்தாயும் கூடப் போனாள்.

பூங்கனியின் கணவன் ராஜையன் முற்றத்தில் நின்றான். மகள் ஜெஸ்மி வாசலில் வந்து நின்றாள். சுயம்புலிங்கம் கைகூப்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தன்னை அடிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் அவர் நின்றார். ராஜையன் அடிக்கவில்லை.

"அவளுக்கு அப்பம் உயிர் இருந்துதா?" என்று கேட்டான். "அந்த எடத்துலேயே போயிட்டாண்ணுல்லா எங்கிட்ட சொன்னாவ."

ராஜையன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"எவ்வளவு நேரம்?"

சுயம்புலிங்கத்துக்குத் தெரியவில்லை. ராஜையன் வெறும் தரையில் உட்கார்ந்தான். ஜெஸ்மி வந்து, இனி இங்கே வரவேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்த மாதத்தில் சுயம்புலிங்கம் தொடர்ந்து நான்கு மணிநேரம் உறங்கினார். சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. கம்பை ஊன்றிக் கடைவரைக்கும் நடந்தார். வண்டிப் பக்கம் மட்டும் போகவில்லை.

சந்தையில் மீன் வாங்கும்போது செல்லத்தாய் ராஜையனைப் பற்றிக் கேள்விப்பட்டாள். அவன் வேலைக்குப் போவதில்லை. இரண்டு கவளத்துக்கு மேல் இறங்குவதில்லை. பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருக்கிறான்.

வீட்டில் அதை அவள் சொல்லவில்லை. மறுநாள் தனியாக அந்த வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த ஜெஸ்மி அவளை உள்ளே கூப்பிடவில்லை. டாக்டர் சிந்தியாவின் பெயரையும் அவர் இருக்கும் நாட்களையும் எழுதிய தாளை செல்லத்தாய் நீட்டினாள்.

"அப்பாவக் கூட்டிட்டுப் போ மக்கா. வெசமா நெனைக்காத, உங்க நல்லதுக்குத்தான் சொல்லுகேன்."

ஜெஸ்மி தாளை வாங்கிக்கொண்டாள். உள்ளே ராஜையன் இருமும் சத்தம் கேட்டது. அவள் கதவைச் சாத்தினாள்.