பதினெட்டாவது கேள்வி

"எப்போதும் சிரித்த முகம்" என்று எழுதியிருந்ததை ஜெராக்ஸ் அக்கா ஒரே கோட்டில் அடித்தாள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் பதறிவிட்டாள். "ஐயோ, அது நெசம்தாங்க. என் பொண்ணு யாரப் பாத்தாலும் சிரிப்பா."

"சிரிக்கட்டும். இந்தத் தாள்ல மட்டும் சிரிக்க வேணாம். சிரிச்சா நாலு மார்க் போயிடும்."

வாசற்படிக்குக் கீழே சக்கர நாற்காலியில் இருந்த பொண்ணுக்குப் பதினாலு வயது இருக்கும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து அப்போதும் சிரித்தாள்.

கடை, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நேர் எதிரில் இருந்தது. இரண்டு மெஷின், ஒரு கவுண்டர், யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி கயிற்றில் கட்டிய ஒரு ஸ்டேப்ளர். அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்து, மூன்று நகல் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்புவார்கள். எப்படி எழுதுவது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. கேட்டால், படித்துப் பார்த்து எழுதுங்கள் என்பார்கள். எட்டுப் பக்கம், இருபத்திரண்டு கேள்வி. எழுபது மார்க் வந்தால் தினமும் நாலு மணி நேரம் வீட்டுக்கு ஒரு உதவியாளர் வருவார். வராவிட்டால் ஒன்றுமில்லை. ஒருமுறை அலுவலகத்து கிளார்க் மார்க் போடும் அட்டவணையை நகலெடுக்க அனுப்பியபோது, ஜெராக்ஸ் அக்கா ஒரு நகல் கூடுதலாக எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். கடையில் சேர்ந்த ஒன்பது வருஷத்தில் அவள் செய்த ஒரே திருட்டு அதுதான். அதற்குப் பிறகு அவள் எழுதிக் கொடுத்த தாளில் பதினோரு வீட்டுக்கு ஆள் கிடைத்தது. முதலாளிக்கு நகலுக்கான காசு போனது. அவளுக்குப் பெயர் கிடைத்தது.

"நல்லா கேளுங்க," என்றாள். "பொதுவா எப்படி இருக்காங்கன்னு கேப்பாங்க. நீங்க எழுத வேண்டியது போன மாசத்துலயே ரொம்ப மோசமான ஒரு நாள. தினமும் அப்படித்தான்னு எழுதணும்."

அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். "அவள வெச்சுக்கிட்டு எப்படிங்க அப்படி எழுதுறது?"

"அவளுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்புறமென்ன. குடுத்து வெச்சவங்க நீங்க."

பதினெட்டாவது கேள்வி வந்தது. பராமரிப்பவரின் இயலாமையாலோ கவனக்குறைவாலோ இவருக்கு எப்போதாவது தீங்கு நேர்ந்ததுண்டா? விவரிக்கவும். ஜெராக்ஸ் அக்கா பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள். "இதுக்குப் பத்து மார்க். ஆனா ஆசைப்படாதீங்க. கண்ண மூடிக்கிட்டு இல்லைன்னு எழுதிடுங்க."

"ஏன்?"

"எழுதுங்க, சொல்றேன்."

சொல்லவில்லை. முன்பொருமுறை லாரி டிரைவர் ஒருவர் அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதினார். டியூட்டிக்குப் போகும்போது மகனைக் கட்டிலோடு துணியால் கட்டிவிட்டுப் போவதாக. மார்க் தாராளமாகத்தான் விழுந்தது. ஆனால் ஐந்தாம் நாள் வந்தது உதவியாளர் இல்லை. ஒரு வண்டி வந்தது. இரண்டு பேர் மடக்கு நாற்காலியோடு மாடியேறி, ஊருக்கு வெளியே இருக்கும் இல்லத்துக்கு மகனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு டிரைவர் ஒரு வருஷம் இந்தக் கடைக்கு வந்து மனுக்களை நகலெடுத்துக்கொண்டிருந்தார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று அவள் யாரையும் விசாரிக்கவில்லை.

அவள் கைப்பையில் இன்னொரு விண்ணப்பம் இருந்தது. அண்ணனுடையது. முதல் தடவை ஐம்பத்திரண்டு, அடுத்த தடவை ஐம்பத்தெட்டு. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பவளுக்குத் தன் வீட்டுக்கு எழுதத் தெரியவில்லை என்று கிளார்க் சிரித்தார். உண்மை அதுவல்ல. அந்த இரண்டு தடவையும் அண்ணன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். "கரண்டியைக் கையோடு கட்டி, தட்டை மார்புக்கு நேரே வைத்தால் நானே சாப்பிடுவேன்" என்பான். பத்து வாயில் மூன்று வாய் உள்ளே போகும். மீதியை அவள்தான் துடைப்பாள். மூன்றாம் முறையும் நிராகரித்தால் இரண்டு வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. போன வாரம் முதலாளி வேறு கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "மதியம் ஒரு மணிக்குத்தாம்மா கூட்டமே வருது. நீ அப்பதான் வீட்டுக்கு ஓடுற. அடுத்த மாசத்துலேர்ந்து முடியாது. நானும் எத்தன நாளைக்குத்தான் பொறுத்துக்குவேன், நீயே சொல்லு." ஒன்பது வருஷம் பொறுத்தவர். அவரைத் திட்டக்கூட வாய் வரவில்லை. ஒரு மணிக்குப் போய்த்தான் அண்ணனைப் புரட்டிப் படுக்க வைத்து, மூத்திரப் பையை மாற்றி, சோறு ஊட்டிவிட்டு வருவாள். அது நின்றால் ஒன்று வேலை போக வேண்டும், அல்லது அண்ணன் போக வேண்டும்.

ஆகவே இந்தத் தடவை கடையிலேயே, மெஷின் சூட்டில் நின்றபடி, தானே எழுதினாள்.

*

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். பதினோரு வருஷத்துக்கு முன் நாலாவது மாடியிலிருந்து குழிக்குள் விழுந்தான். மார்புக்குக் கீழே எதுவும் அவனுடையதாக இல்லை. வலது கை முழங்கை வரை எழும்பும். விரல் எதையும் பிடிக்காது. பென்சிலைப் பல்லில் கடித்து, ரப்பர் முனையால் பக்கத்தைப் புரட்டிப் படிப்பான். மருந்துச் சீட்டு, பொட்டலம் கட்டி வந்த தாள், மின்சார பில் என்று எதையும் விட மாட்டான்.

"கடைசித் தாள்ல கைநாட்டு வெச்சா போதும்," என்று மைப்பெட்டியைத் திறந்தாள்.

"முதல் தாளக் காட்டு."

"எட்டுப் பக்கம்ணா. எல்லாம் போன தடவ எழுதுனதுதான்."

"போன தடவ எழுதுனத எதுக்கு இந்தத் தடவ குடுக்குற? படிக்காம விரல வெச்சா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது கம்பெனிக்காரர் ஒரு காகிதத்தோடு வந்தார். சம்பளப் பாக்கி வாங்கித் தர வேண்டும், ஒரு கைநாட்டு போதும் என்றார். அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவள் இவள்தான். பெல்ட் போடாமல் என் விருப்பப்படி ஏறினேன் என்று அதில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதை அவன் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. இன்றும் 'நமக்கு' என்றுதான் சொன்னான்.

தாள்களைப் பலகையில் நிறுத்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பென்சில் முனை காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு பக்கம். இன்னொரு பக்கம்.

"ஏய், இங்க வா. யாரு இவன்? ரொம்பப் பாவமா இருக்கு. உயிரோட இருக்கானா, போயிட்டானா?"

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பென்சில் மார்பில் விழுந்தது. அவள் எடுத்துத் துடைத்து மறுபடி வாயில் வைத்தாள்.

ஐந்தாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. இரவில் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுவார் என்று அங்கே எழுதியிருந்தாள். அவள் தூங்கிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருந்த இரவுகள். அந்தப் பக்கத்தைப் புரட்ட அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைக் கேட்டதே இல்லை என்பதுபோல நடந்துகொண்டதுதான் பதினோரு வருஷத்தில் அவள் அவனுக்குச் செய்த பெரிய மரியாதை. அதற்கு ஐந்து மார்க்.

எல்லாவற்றையும் படித்து முடித்ததும் பென்சிலைத் துப்பினான். "அந்த மார்க் அட்டவணையக் கொண்டா."

கொண்டுவந்தாள். எடை, சுமை, கம்பியின் தாங்குதிறன் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுப் பழகியவன். கண்ணை மூடிக்கொண்டு கூட்டினான். "அறுபத்தி மூணு."

"இல்லண்ணா, எழுபத்தஞ்சாவது வரும்."

"பேச முடியுது, படிக்க முடியுது, நெனவு தெளிவா இருக்கு. என்ன அழுதாலும் அறுபத்தி மூணுதான். வேணா கூட்டிப் பாரு."

கூட்டினாள். அறுபத்து மூன்று.

"பதினெட்டுல பத்து மார்க் சும்மா கெடக்கு," என்றான்.

"அதுல எழுத ஒண்ணும் இல்ல."

"இருக்கே."

"என்ன இருக்கு?"

"அந்தச் செவ்வாக்கெழம."

அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போய் இறுக்கினாள். சொட்டு நிற்கவில்லை. திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அன்று ஒரு மணிக்கு வந்தபோது பை கசிந்து படுக்கை நனைந்திருந்தது. மாற்றினாள். மறுபடி நனைந்தது. சோற்றை வாயில் வைத்தபோது இருமி அவள் முகத்திலேயே துப்பினான், வேண்டுமென்று இல்லை. கடையிலிருந்து போன் மேல் போன். உறிஞ்சுகுழலோடு அவன் தலைமாட்டில் எப்போதும் இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். ஜன்னல் விளிம்பில், அவன் பார்க்கும்படி வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அன்று கடையில் கூட்டம் அதிகம். திரும்பி வர ஏழு மணி ஆயிற்று. அவன் உதடு வெடித்திருந்தது. மறந்துட்டேண்ணா, என்றாள். பரவால்ல, என்றான்.

"அன்னைக்கு மறந்துட்டேன்னு சொன்னேன்ல," என்றாள் இப்போது.

"மறந்தவ இருந்த எடத்துலயே விட்டுட்டுப் போவா. எடுத்து வேற எடத்துல வைக்க மாட்டா."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

"எழுதுனா யாரு வருவாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டாள். "டிரைவர் வீட்டுக்கு வந்த மாதிரி வந்துடுவாங்கண்ணா."

"வரலாம். இல்ல, பாவம் ஒத்தப் பொம்பள திண்டாடுறான்னு உதவிக்கு ஆளும் அனுப்பலாம். ரெண்டுக்கும் அதே பத்து மார்க்தான்." கூரையைப் பார்த்தான். "எது வந்தாலும் உன் வேலை மிஞ்சும்."

"அப்படிப் பேசாத."

"பேசல. கணக்குச் சொல்றேன். அந்தப் பக்கத்த மட்டும் ரெண்டா எழுது. ஒண்ணுல இல்லைன்னு. இன்னொண்ணுல செவ்வாக்கெழமைய. ரெண்டுலயும் விரல் வைக்கிறேன். எதக் குடுக்கணுமோ நீயே பாத்துக் குடு."

"அந்தப் பாவத்த என் தலையில கட்டுறியா?"

"கை உனக்குத்தான இருக்கு," என்றான்.

அவள் எழுதினாள். பிறர் வீட்டுக் கதையைப் போலத்தான் தொடங்கினாள். பாட்டில், ஜன்னல், ஆறு மணி நேரம். 'மறதியாக' என்று எழுதப் போனபோது அவன் தலையைத் திருப்பி அவள் பேனாவைப் பார்த்தான். வேண்டுமென்றே, என்று எழுதினாள். அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினாள். இரண்டு தாளிலும், பிறகு கடைசித் தாளிலும் வைத்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். ரேகைக்குள் இருந்த மை போகவில்லை.

*

மறுநாள் அலுவலக ஜன்னலுக்கு முன் வரிசையில் நின்றபோது இரண்டு தாளும் அவள் கையில் இருந்தன. அப்போதுதான் நகலெடுத்தவை. சூடு ஆறவில்லை. தன் முறை வந்ததும் எதைக் கொடுத்தோம் என்று குனிந்து பார்க்காமல் கொடுத்திருந்தால் பிறகு சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்திருக்கும். பார்த்துத்தான் கொடுத்தாள்.

"வாங்க ஜெராக்ஸ் அக்கா, மூணாவது தடவையா?" என்று கிளார்க் சிரித்துக்கொண்டே வாங்கினார். பக்கங்களைத் தள்ளினார். ஆறாம் பக்கத்தில் விரல் நின்றது. படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒன்பது வருஷமாக எதிர்க் கடையில் பார்த்த முகத்தை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"பராமரிப்பவர் நீங்கதானா?"

"ஆமா சார்."

"வீட்டுக்கு வருவாங்க. அதுவரைக்கும் வெளியூர் எங்கயும் போகாதீங்க."

"யாரு சார் வருவாங்க?"

"வருவாங்கம்மா." முத்திரையைக் குத்தினார். "அடுத்த ஆள்."

கடைக்குத் திரும்பியபோது சிரிக்கும் பொண்ணின் அம்மா கவுண்டரில் காத்திருந்தாள். எல்லாம் அவள் சொன்னபடியே எழுதிவிட்டதாகவும், ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். ஜெராக்ஸ் அக்கா தாள்களை வாங்கினாள். பதினெட்டில் இல்லை என்று இருந்தது. எழுத்து வளைந்து வளைந்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது.

"சரியா இருக்காக்கா?"

"நெசமாவே இல்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தப் பெண் விறைத்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு தாள்களைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டு, நகல்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனாள்.

*

ஐந்தாம் நாள் மதியம். முதலாளி கொடுத்த மாதத்தில் இன்னும் நான்கு நாள் மிச்சம். அண்ணனைச் சாய்த்து உட்காரவைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எந்தத் தாளைக் கொடுத்தாய் என்று அவன் இதுவரை கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில் இப்போதெல்லாம் அவன் கன்னத்தைத் தொடும் தூரத்தில் இருந்தது. அவன் குடிப்பதைவிட அதிகம் அவளே நிரப்பி நிரப்பி வைத்தாள்.

கீழே ஒரு வண்டி வந்து நின்றது. கதவு திறந்து மூடிய சத்தம். இன்னொன்றும் கேட்டதோ, அதே கதவின் எதிரொலியோ தெரியவில்லை.

அவள் கை அந்தரத்தில் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"உஸ்," என்றான் அண்ணன்.

இந்தக் கட்டடத்து லிஃப்ட் ஓடி ஆறு வருஷம் ஆகிறது. யார் வந்தாலும் மூன்று மாடி படியேறித்தான் வர வேண்டும். குழிக்கு மேலே நின்று, கீழே எந்தக் கம்பி உரசுகிறது என்று காதாலேயே சொல்லும் அந்தப் பழைய முகம் அவனுக்கு வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டான். ஒரு ஆள் என்றால் உதவிக்கு. இரண்டு ஆள் என்றால் தூக்குவதற்கு. அதை இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை.

செருப்புச் சத்தம் முதல் மாடியைக் கடந்தது. கூடவே ஏதோ சுவரில் இடித்தது. பையாக இருக்கலாம். மடக்கு நாற்காலியாகவும் இருக்கலாம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சத்தம் நின்றது. மூச்சு வாங்குவதற்கு எல்லோரும் நிற்கும் இடம் அது.

அவன் தலை மெல்லக் கதவுப் பக்கம் சாய்ந்தது. அவள் கையிலிருந்த கரண்டியிலிருந்து ஒரு பருக்கை அவன் மார்பில் விழுந்தது. இரண்டு பேரும் அதைத் துடைக்காமல், அந்த மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.