கீறல் விழுந்த துப்பாக்கி

கொளஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று எனக்கு முதலில் சொன்னவள் என் மனைவி சுலோச்சனா. சொன்னவள் அதோடு விட்டிருக்கலாம். “உங்களுக்கு ரெண்டு தடவ இல்லன்னாங்க, அவருக்கு மொதோ தடவையே குடுத்துட்டாங்க பாத்தீங்களா” என்று சேர்த்துச் சொன்னாள். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் நான். போல்ட்டை இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றிச் சுடும் துப்பாக்கியை, கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்து மாட்டுவேன். கொளஞ்சியோ தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கியையே தலையைத் திருப்பிக்கொண்டு சுட்டவன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என்பதால் எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கு நல்லூர்ப் பக்கம் எட்டு ஏக்கர் மக்காச்சோளம். காட்டுப்பன்றி இறங்குகிறது, பயிரைக் காக்கத் துப்பாக்கி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான், கிடைத்துவிட்டது. எனக்கு இருப்பது முக்கால் ஏக்கர். இந்த அளவு நிலத்துக்கு அவசியமில்லை என்று இரண்டு முறையும் ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவன் விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி வைத்தபோது நான் பொறாமைப்படவில்லை. கார் வாங்கியபோது முதல் ஆளாக ஏறி உட்கார்ந்து கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் வந்தேன். அதெல்லாம் அவன் சாமர்த்தியம். துப்பாக்கி அப்படியில்லை. ஊரில் எனக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். அதிலும் அவன் வந்து கை வைத்துவிட்டானே என்று வயிறு எரிந்தது.

இதில் என்னையே வேறு பயன்படுத்திக்கொண்டான். மனுப் போடும்போது என் போட்டோ இரண்டு வாங்கிக்கொண்டு நாலு தாளில் கையெழுத்துக் கேட்டான். அவனுக்குச் சாட்சி என்று நானே முடிவு செய்துகொண்டேன். படித்துப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. பிறகு ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்து என் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டி, அரை மணி நேரம் என்னைப் பற்றியே கேட்டுவிட்டுப் போனார். என் பதினெட்டு வருஷத்தைக் காட்டி இவன் துப்பாக்கி வாங்குகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

லைசென்ஸ் வந்த வாரமே காரோடு வந்து வாசலில் நின்றான்.

“காத்தா, கெளம்பு. திருச்சியில ஒரு கடையில ரெண்டு துப்பாக்கி இருக்குதாம். நீதான் பாத்து எடுக்கணும்.”

“உனுக்கு வேணும்னா நீ பாரு.”

“எனுக்கு இன்னா தெரியும்? பீங்கான்னா தட்டிப் பாத்துச் சொல்லிடுவேன். துப்பாக்கிய உள்ள பாக்கணுமாமே. அது உனுக்குத்தான் தெரியும்.”

அவன் சொன்னது உண்மைதான். சூளையிலிருந்து வரும் மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டரில் மேலே பளபளவென்று மெருகு ஏறியிருக்கும். உள்ளே விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கொளஞ்சி விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவான். கணீரென்றால் நல்ல சரக்கு. சத்தம் மங்கினால் யோசிக்காமல் தூக்கி ரிஜெக்ட் குவியலில் போட்டுவிடுவான்.

திருச்சிக் கடைக்காரர் வயதான ஒரு பாய். லைசென்ஸ் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். கொளஞ்சி கண்ணைக் காட்டி அவரை நிறுத்தினான். விலை விஷயமாக ஏதோ ஜாடை என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு பாய் துப்பாக்கிகளை அவனிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். என்னை இவனுடைய வேலைக்காரன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று அதற்கும் எரிச்சல் வந்தது.

இரண்டும் கைமாறி வந்த வேட்டைத் துப்பாக்கிகள். ஒன்றைக் கல்யாணப் பெண்போல் சோடித்து வைத்திருந்தார்கள். தோளில் பதியும் மரக்கட்டையில் முகம் பார்க்கலாம் என்கிற மாதிரி பாலிஷ், மேலே ஒரு டெலஸ்கோப்பு. மற்றதன் கட்டை முழுக்கக் கீறல்.

கீறல் விழுந்ததன் போல்ட்டை உருவிவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குழலை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தேன். தோட்டாவைச் சுழற்றி அனுப்பும் வரிகள் நேற்றுப் போட்டதுபோல் மின்னின. தோளில் வைத்தேன். எனக்கென்றே அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. கீழே வைக்க மனசே வரவில்லை. இதுவும் இவனுக்கா என்று நினைத்தபடியே வைத்தேன்.

அழகானதை எடுத்து அதன் உள்ளேயும் பார்த்தேன். ஒரு காலத்தில் துருப்பிடித்துக் குழி குழியாகிப் போயிருந்தது. வாய்ப்பக்கம் வரிகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. சுடுகிறவனுக்கு ஆபத்து எதுவும் இல்லை. குறி மட்டும் நிற்காது, தோட்டா அதன் இஷ்டத்துக்குப் போகும்.

கொளஞ்சி அதன் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தான். “இது எப்பிடி இருக்குது?”

“நல்லா இருக்குது. இதையே எடு.”

“உள்ள சுத்தமா இருக்குதா?”

“இருக்குது.”

பாய் என்னையே பார்த்தார். “தம்பி, அந்த இன்னொண்ணையும் ஒருக்கா நல்லாப் பாத்துருங்க.”

“பாத்தாச்சு பாய்” என்றேன்.

அழகானதையே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும்போது திட்டக்குடியில் டீ குடித்தோம். நான் இரண்டாவது டீயும் சொன்னேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. பன்றி நின்று வேடிக்கை பார்க்க, இவன் சுட்டுச் சுட்டுத் தோளைத் தேய்த்துக்கொள்வதை நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். கொளஞ்சியும் சிரித்தான். அவன் எதற்குச் சிரிக்கிறான் என்று நான் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் துப்பாக்கி நம்பரைப் பதிந்து வாங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மக்காச்சோளக் கொல்லைக்குப் போனோம். பயிர் பார்த்துக்கொள்ளும் மாணிக்கவேல் ஐந்து ரிஜெக்ட் இன்சுலேட்டர்களைக் கிணற்று மண்மேட்டின் அடியில் வரிசையாக வைத்துவிட்டு வந்தான். நூறு கஜம்கூடத் தள்ளி இல்லை, இதிலும் கொளஞ்சி தப்பவிடப்போகிறான் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொளஞ்சி துப்பாக்கியை என்னிடம் கொடுத்தான்.

“பன்னியச் சுடணும்னா ஃபாரஸ்ட் ஆபீஸுல தனியா எழுதிக் கேக்கணும். மொதல்ல நீ குறி பழகிக்கோ.”

“நான் எதுக்குடா?”

“இந்தப் புக்கத் தொறந்து பாரு.”

லைசென்ஸ் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் என் போட்டோ ஒட்டியிருந்தது. பயிர்க் காவலுக்காக இந்த ஆயுதத்தை வைத்திருக்க அனுமதிக்கப்பட்டவர் என்று எழுதி, கீழே காத்தவராயன் என்று என் பெயர் இருந்தது. அதன்மேல் அரசாங்க முத்திரை.

“நெலம் என்னுது, தோளு உன்னுது” என்றான் கொளஞ்சி. “உன்ன ரெண்டு தடவ திருப்பி வுட்டுட்டாங்கன்னு சுலோச்சனா எங்க வூட்டுல வந்து அழுதுச்சு. நான் கேட்டா எனுக்குக் குடுப்பாங்க, அதுல காவலுக்கு இன்னொருத்தர் பேரச் சேக்கலாம்னு கலெக்டர் ஆபீஸுல சொன்னாங்க. நாலு தாள்ல கையெழுத்து போட்டியே, இன்னான்னு கேப்பன்னு பாத்தேன். நீ கேக்கவே இல்ல. சரி, அப்பிடியே இருக்கட்டும்னு உன் வூட்டுலகூட சொல்லாம வெச்சிருந்தேன்.”

திருச்சிக் கடையின் அந்தக் கீறல் விழுந்த கட்டை தோளில் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் படுத்துக் குறி வைத்தேன். ஒருவேளை என் கைக்குக் கட்டுப்படும் என்று ஒரு நப்பாசை இருந்தது. அவன் கண்டுபிடிப்பதற்குள் சமாளித்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

ஐந்து தோட்டாவும் மண்ணில் போய்ப் புதைந்தன. ஒன்று மூன்று முழம் தள்ளிப் போனது. இன்சுலேட்டர்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

மாணிக்கவேல் தலையைச் சொறிந்தான். “பட்டாளத்துல இப்பிடித்தான் சுடுவாங்களா சார்?”

“சும்மா இருடா” என்று கொளஞ்சி அவனை அதட்டினான். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தோளில் கை போட்டான். “கண்ணாடிய மாத்தி எவ்ளோ நாளாச்சு? நாளைக்கே கண்ணு டாக்டரப் பாப்போம். துப்பாக்கியில ஒண்ணும் இருக்காது, நீ உள்ள பாத்து எடுத்தது.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். கண் மங்கிவிட்டது என்று ஒத்துக்கொண்டால் போகிறது, பட்டாளத்துப் பெயர் மட்டும்தான் போகும். ஆனால் தோளில் இருந்த அவன் கையின் கனம் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போல்ட்டை உருவி, குழலை வெயிலுக்கு நேராகத் தூக்கி அவன் கண்ணருகில் பிடித்தேன்.

“உள்ள பாரு” என்றேன்.

பார்த்தான். ஓட்டை உடைசலைப் பார்த்தே பிழைக்கிறவன் அவன், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

“குழி குழியா இருக்குது.”

“ஆமா.”

“கடையில பாத்தப்பவும் இப்பிடித்தான் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அந்தக் கீறல் உழுந்தது?”

“அது சுத்தமா இருந்துச்சு.”

அவன் குழலைக் கீழே இறக்கினான். “ஏண்டா?” என்றான்.

“உனுக்குக் கெடச்சுடுச்சேன்னுதான்” என்றேன்.

லைசென்ஸ் புத்தகம் தரையில் திறந்தே கிடந்தது. கொளஞ்சி அதை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, என் போட்டோ இருந்த பக்கத்தை என் முன்னால் பிடித்தான்.

“எனுக்கா கெடச்சுது?” என்று கேட்டான்.