மேட்டுக்கு ஒரு கோயில்

மூன்று வருடமாக நானும் வேரோனிக்காவும் கதவடியில்தான் குடித்தனம் நடத்தினோம். அவள் வேலையால் வர, நான் இரவு வேலைக்குப் புறப்படுவேன். டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ற் வாசலில் பாதிச் சண்டை நடக்கும். மீதியைத் துண்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவோம். மனுசியோடு ஆறுதலாகச் சண்டை பிடிக்கக்கூட நேரமில்லாத சீவியம் எனக்கு வெறுத்துப் போயிருந்தது.

அதனால்தான் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம் சுப்பர்வைசர் மக்லீனிடம் பகல் ஷிஃப்ற் கேட்டேன். பகலில் வேலை வேகம், நாற்பத்தெட்டு வயதில் தாக்குப்பிடிப்பாயா என்று அவர் என் தொந்தியைப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"நான் தீவுக்காரன். ஊர்காவற்றுறையிலிருந்து சைக்கிளில் மூட்டை கட்டி யாழ்ப்பாணம் போய் வந்த கால் இது" என்றேன்.

மக்லீனும் தீவுக்காரர்தானாம், ஸ்கொட்லாந்தில். வருடாவருடம் ஊருக்குப் போய் மலைத் தீவுகளில் காலை முதல் மாலை வரை சைக்கிள் ஓடுவாராம். "போவதற்கு முன் எனக்கும் பழக்கம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போய் வருவோம். உன் காலைப் பார்த்துவிட்டு ஷிஃப்ற்றைச் சொல்கிறேன்" என்றார்.

அவர் சொன்ன 'மலை' என் மண்டையில் ஏறவில்லை. எங்கள் தீவில் ஆக உயரமான இடம் பனை உச்சி. அங்கே யாரும் சைக்கிள் ஓடுவதில்லை.

ஞாயிறு காலை நண்பன் அகஸ்ரினின் சைக்கிளை இரவல் வாங்கினேன். வேரோனிக்கா பன்னிரண்டு மட்டன் ரோல்ஸ் கட்டித் தந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தாளுக்கு முன்னால சைக்கிளால இறங்கிப்போடாதேங்கோ."

"நானோ? விசர்க்கதை கதையாதையும்."

முதல் மேட்டில் பாதி வழியிலேயே முழங்கால் இரண்டும் மறுத்துவிட்டன. நல்ல காலம், பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயில். எங்கள் ஊரில் கோயிலைக் கடக்கும்போது சைக்கிளில் குந்தியிருந்து போகமாட்டோம். இறங்கி, சிலுவை போட்டு, உருட்டிக்கொண்டுதான் போவோம். அப்படியே செய்தேன். மேலே காத்து நின்ற மக்லீனிடம் வழக்கத்தை விளக்கினேன். அவர் மரியாதையோடு தலையாட்டினார்.

அதன்பிறகு என் பக்தி கூடிவிட்டது. அடுத்த மேட்டில் வேறு சபைக் கோயில், இறங்கினேன். அதற்கடுத்ததில் கொரியன்காரரின் கோயில், அதையும் விடவில்லை. நாலாவது கோயிலே இல்லை, சவச்சாலை. கதவில் சிலுவை இருந்தது, எனக்கு அது போதும்.

பிறகு ஏரிக்குப் போகும் பெரிய இறக்கம். சேட்டுக்குள் காற்று நிரம்ப, மிதிக்காமலே கீழே போய்ச் சேர்ந்தேன். மலைத் தீவுச் சைக்கிளோட்டம் இவ்வளவுதானா என்று நினைத்தேன். தண்ணீரைப் பார்த்தபடி ரோல்ஸ் சாப்பிட்டோம். உறைப்பில் கண்ணீர் வழிய வழிய மக்லீன் ஏழு சாப்பிட்டார். திரும்புவதும் இதே வழிதான் என்பது கடைசி ரோல்ஸை விழுங்கியபோதுதான் எனக்கு உறைத்தது.

மேடு சுவர்போல் நின்றது. மக்லீன் முன்னால் ஏறினார். நான் பின்னால் மிதித்தேன். ஒரு பக்கம் களிமண் சரிவு, மறு பக்கம் மரமும் பற்றையும். கோயில் என்று சொல்ல ஒரு கூரைகூடக் கிடையாது. இறங்கினால் திரும்பவும் கதவடிச் சீவியம்தான். அந்தப் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். மாதாவே, ஒரு சின்னச் சுரூபமாவது காட்டு என்று மன்றாடினேன்.

கண்ணைத் திறந்தபோது முன்னால் மக்லீனின் சைக்கிள் பாம்புபோல் நெளிந்துகொண்டிருந்தது. அவருடைய பிடரி செத்தல் மிளகாய் நிறத்தில் இருந்தது. திரும்பிப் பாராமலே கேட்டார்.

"செல்வா, இங்கே பக்கத்தில் கோயில் ஒன்றும் இல்லையா?"

சுற்றிப் பார்த்தேன். பற்றை, அதற்குப் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி.

"இருக்கிறது. அந்த மரங்களுக்குப் பின்னால். மிகப் பழையது."

நான் சொல்லி முடிக்குமுன் அவர் இறங்கிவிட்டார். ஹெல்மெற்றைக் கழற்றினார். நான் சிலுவை போட்டேன். பெருநாளில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் போகிறவர்கள்போல இருவரும் தலை குனிந்து உச்சிவரை உருட்டினோம்.

மேலே வந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. "நாளையிலிருந்து காலை ஏழு மணிக்கு வா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கோயிலைப் பற்றி வேலையிடத்தில் கதைக்காதே" என்றார்.

வேரோனிக்கா கதவிலேயே நின்றாள்.

"இறங்கினியளோ?"

"கோயிலுக்கு மட்டும்."

"உந்த வழியில எத்தினை கோயில்?"

சைக்கிளைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நான் அகஸ்ரினிடம் புறப்பட்டுவிட்டேன். திங்கட்கிழமை மாலை ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து சோறு சாப்பிட்டபடி அவள் அதே கேள்வியைத் திரும்பவும் எடுத்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு, ஆற அமர, முழுச் சண்டை ஒன்று பிடித்தோம்.