பையின் அடியில் ஒரு வரி

அப்பாவின் வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்று பொருத்தியிருக்கிறது. சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு வீட்டிலேயே ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வழி அது. குழாய் வழியாக இரண்டு லிட்டர் மருந்து நீரை வயிற்றுக்குள் விட வேண்டும். வயிற்றின் உட்சவ்வு வடிகட்டியாகி, ரத்தத்தில் இருக்கும் கழிவை அந்த நீருக்குள் தள்ளிவிடும். சில மணி நேரம் கழித்து அதை ஒரு காலிப் பையில் வடித்துவிட்டுப் புது நீரை விட வேண்டும். தினமும் நான்கு தடவை. பஸ் டிப்போவில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்த அப்பா இதற்கு வைத்த பெயர் ‘ஆயில் சர்வீஸ்’.

வடிந்து வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் உள்ளே கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பையைச் செய்தித்தாளின் மேல் வைத்தால், அடியிலிருக்கும் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பையையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். இந்தச் சோதனை அப்பாவுடையது. படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரியைச் சத்தமாக வாசிப்பார். கை கழுவுவது, முகக்கவசம் கட்டுவது, முனையை எதிலும் படாமல் இணைப்பது எல்லாம் என் வேலை. அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா எத்தனையோ தடவை கேட்டும் நான் அவளைத் தொடவிட்டதில்லை.

நர்சிங் கடைசி வருடத்தில் ஒரு ராணுவச் செவிலியர் எங்கள் கல்லூரிக்கு வந்தார். வெறும் கூடாரத்தை நாற்பது நிமிடத்தில் அறுவை அறையாக்கிக் காட்டினார். விளக்கு எங்கே தொங்கும், கத்திகளைக் கொதிக்க வைக்கும் நீர் எங்கிருந்து வரும், ரத்தம் பட்ட துணி எந்த வாசல் வழியாக வெளியேறும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ராணுவச் செவிலியர் தேர்வு எழுதினேன், தேறினேன். நாலு பை, நாலு வேளை என்று கடிகாரத்தோடு கட்டிப்போட்டிருக்கும் வீட்டைவிட்டுப் போகவும் ஆசை இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சேர்க்கைப் படிவத்தின் பதினாலாவது கேள்வி: ‘உங்கள் பராமரிப்பை நம்பி வீட்டில் யாரேனும் உள்ளனரா?’ ‘இல்லை’ என்று எழுதி மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் நேரில் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

வியாழன் காலை வழக்கம்போல் வடித்து, புது நீரை விட்டு, குழாயை மூடினேன். நான் பார்ப்பதற்குள் வடித்த பையை அப்பா மடியிலிருந்த பேப்பர்மேல் இழுத்து வைத்துக்கொண்டார்.

“நீ கிளம்பும்மா, லேட்டாகுது. நான் பாத்துக்கறேன்.”

படிவத்தை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன். “தெளிவா இருக்காப்பா?”

“‘நகரின் மூன்று பகுதிகளில் நாளை குடிநீர் வராது.’ போதுமா சிஸ்டரம்மா? விளம்பரமும் படிக்கணுமா?”

சிரித்தேன். அப்போதுதான் அவருடைய கண்ணாடி ஜன்னல் விளிம்பில் கிடப்பதைப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் அவரால் கொட்டை எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. வரியை முன்பே மனப்பாடம் செய்திருக்கிறார்.

மணி ஏழரை. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், “சரிப்பா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ‘கண்ணாடியைக் கழற்றி அப்போதுதான் வைத்திருப்பார்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்றுத் தந்தது, பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுதுவது. நாலாவது நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டில் அப்பா பையைப் பாத்ரூமுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். நீர் கஞ்சித் தண்ணி மாதிரி இருந்தது.

“நேத்து சாயங்காலமே லேசா மங்கல்தான்” என்றார் என் முகத்தைப் பார்க்காமல். “படிவத்துல நீ ‘இல்லை’ன்னு எழுதியிருந்தியே, அதை மட்டும் கண்ணாடி போட்டுத்தான் படிச்சேன். சரி, நம்மால ஒரு நாள் கெட வேணாமேன்னு...”

பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பையை வாங்கிக்கொண்டு கேட்டார். “எத்தனை மணிக்குக் கவனிச்சீங்க?”

“இப்பத்தாங்க” என்றார் அப்பா.

“ஏழரைக்கே எனக்குத் தெரியும்” என்றேன்.

நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. நேரத்தை எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மருந்தை நீரோடு கலந்து வயிற்றுக்குள் விட்டார்கள். சீக்கிரம் வந்ததால் குழாயை எடுக்க வேண்டியிருக்காது என்றார் டாக்டர்.

தோளில் அளவு டேப்போடு அக்கா ஓடிவந்தாள். நடந்ததைச் சொன்னேன், கண்ணாடியையும் சேர்த்து.

“அப்பனுக்கும் மகளுக்கும் திருட்டுத்தனத்துல நல்ல பொருத்தம்டி” என்றாள். “யாரையாவது கிட்ட விட்டியா நீ? ஊசியில நூல் கோக்கறவளுக்கு ஒரு குழாயைக் கோக்கத் தெரியாதா?” நர்ஸிடம் திரும்பி, “எனக்கு எத்தனை நாள்ல கத்துத் தருவீங்க?” என்றாள்.

“ஒரு வாரம், பத்து நாள்.”

“இன்னிக்கே ஆரம்பிங்க. ஏய், நீ என்ன நின்னுட்டிருக்க? போ.”

அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று இமை சொன்னது.

அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு ஐம்பது. மேசையிலேயே பேனாவை எடுத்துப் பதினாலாவது பதிலை அடித்துவிட்டு, ‘ஆம், தந்தை’ என்று எழுதினேன். குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, நல்லாத்தானே இருந்துச்சு? ஆம்னு போட்டா வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க. இந்த பேட்ச் போனாலும் போயிடும்.”

“வரட்டும் சார். அக்கா கத்துக்கிட்டிருக்கா, அதையும் பாக்கட்டும்.”

“அடிச்ச இடத்துல ஒரு கையெழுத்துப் போடு. நேரமும் போடு.”

கையெழுத்துப் போட்டேன். நேரத்தை எழுதும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. ஏழரை என்று எழுதப் போய், திருத்திக்கொண்டு, பன்னிரண்டு ஐம்பத்தைந்து என்று எழுதினேன்.